நள்ளிரவில் மலரும் கள்ளி: பெயரும் வரலாறும்

ஆண்டு முழுவதும் முற்றத்து மூலையில் எவராலும் பொருட்படுத்தப்படாது கிடந்து, ஏதோ ஓரிரவில் மாத்திரம் அயலவரையெல்லாம் அழைப்பிக்கும் செடி ஒன்று நம்மவர் வீடுகள் பலவற்றில் உண்டு. தட்டையான பச்சைத் தண்டின் விளிம்பிலே அதன் மொட்டுத் தோன்றும். நாளடைவில் பருத்து, காம்பு வளைந்து, தலை நிமிரும். ஒருநாள் இருள் சூழ்ந்தபின் மெல்ல விரியத் தொடங்கி, நள்ளிரவளவில் முழு வெண்மலராய் நிற்கும். அதன் மணம் வீடெங்கும் பரவும். கீழ்வானம் வெளுக்குமுன் வாடித் தலை சாய்ந்துவிடும். சிலர் அதன்முன் விளக்கேற்றிக் கர்ப்பூரங் காட்டிக் கும்பிடுவர். சிலர் படம் பிடித்து வைப்பர். சிலர் அந்த மணத்தை நுகர்ந்தவாறே பேசாது நிற்பர்.

இம்மலரைப் பற்றி நம்மிடையே இரு கூற்றுக்கள் உலவுகின்றன. முதியோர் பலர் இதனைப் பிரம்மகமலம் என்பர். புராண காலந்தொட்டே நம் முன்னோர் போற்றிய தெய்வ மலர் என்பர். பாடசாலையில் தாவரவியல் பயின்ற இளைஞரோ, “இஃது அமெரிக்கக் கள்ளி, இதற்கும் நம் புராணங்களுக்கும் என்ன உறவு?” என்று நகைப்பர். நகைக்கும் இளைஞரைக் கண்டு முதியோர் மனம் வருந்துவர். முதியோர் கூற்றைக் கேட்டு இளைஞர், அவர் கூறும் பிறவற்றையும் ஐயுறத் தொடங்குவர். ஒரு பூவின் பொருட்டு ஒரே வீட்டார் இரு கட்சியாக நிற்பது நன்றன்று. ஆகவே இம்மலரின் வரலாற்றை உள்ளவாறு ஆராய்வது பயனுடையதாகும். ஆராயுமிடத்து, செடி புதியது, பெயர்களோ பழையன என்பது தெளிவாகும். இவ்விரண்டையும் ஒருங்கே அறிந்தவர் எவரையும் நகைக்கமாட்டார், எதனையும் மிகைப்படுத்தவுமாட்டார்.

கள்ளியும் கள்ளியும்

முதற்கண் ஒரு மயக்கத்தை நீக்குவோம். கள்ளி என்ற சொல் தமிழில் மிகப் பழையது. சங்கப் பாடல்களில் பாலை நிலத்தைக் கூறுமிடங்களில் கள்ளி வருகிறது. அந்தக் கள்ளி, கிள்ளினால் பால் வடியும் நம் நாட்டுக் கள்ளி. சதுரக்கள்ளி, திருக்கள்ளி முதலியன அவ்வினத்தவை. திருக்கள்ளியின் விஞ்ஞானப் பெயரில் இன்றும் ‘திருக்கள்ளி’ என்ற சொல்லே நிற்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் மலையாளக் கரையின் செடிகளைப் பற்றி ஒல்லாந்தர் வெளியிட்ட பெருநூல் வழியாக அச்சொல் ஐரோப்பாவுக்குச் சென்று நிலைத்தது.

நாம் ஈண்டு பேசும் கள்ளி வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தது. நாகதாளியும் அக்குடும்பத்ததே. ஆயிரத்தைந்நூறுக்கு மேற்பட்ட இனங்களையுடைய இக்குடும்பத்தின் தாயகம் அமெரிக்கக் கண்டங்களாகும். ஓரேயோர் இனம் மட்டுமே இதற்கு விலக்கு. அதனைப் பின்னர்க் காண்போம். வறண்ட நிலத்தில் முள்ளோடு நிற்பதே இவற்றின் இயல்பென்று பலர் எண்ணுவர். ஆயினும் இக்குடும்பத்தில் நூற்றுக்கு மேற்பட்ட இனங்கள் மழைக்காடுகளில் மரக்கிளைகளின்மீது வாழ்கின்றன. இவ்வாறு பிற செடியின்மேல் தங்கி வாழ்வனவற்றை மேலொட்டிகள் என்பர். புல்லுருவியையும் இவற்றையும் ஒன்றாகக் கருதலாகாது. புல்லுருவி தான் தங்கும் மரத்தின் சாற்றை உறிஞ்சி வாழும். மேலொட்டியோ மரத்திடம் இடம் ஒன்றையே பெறுகிறது. உணவை ஒளியிலிருந்தும், நீரை மழையிலும் பனியிலுமிருந்தும், உப்புக்களைக் கிளைக்கவரிற் சேர்ந்த இலைமக்கிலிருந்தும் தானே தேடிக்கொள்கிறது.

கிளைமேல் வாழ்வதில் ஓர் இடர் உண்டு. சூழ மழைக்காடே ஆயினும், வேரைச் சுற்றி மண் இன்மையால், மழை நின்ற சில நாளிலேயே நீர்ப் பஞ்சம் வந்துவிடும். ஆதலின் இக்கள்ளிகள் பகலில் இலைவாய்களை மூடிக்கொள்கின்றன. இரவின் குளிர்ச்சியில் அவற்றைத் திறந்து காபனீரொட்சைட்டை உள்ளிழுத்து அமிலமாகச் சேமித்து வைக்கின்றன. மறுநாள் வெயில் வந்ததும் வாய்களை மூடியவாறே, சேமித்ததைக் கொண்டு ஒளித்தொகுப்பை நடத்துகின்றன. பாலைவனத்து உறவினர் கையாளும் அதே சிக்கனம் மழைக்காட்டின் உச்சியிலும் கைகொடுக்கிறது.

நம் முற்றத்துச் செடியின் ‘இலை’ என்று நாம் கருதுவதும் இலையன்று, தட்டையாகிவிட்ட தண்டேயாகும். இலையின்மீது பூப் பூக்கிறதென்று எண்ணிய ஐரோப்பியர், ‘இலைமேல்’ என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களால் ‘எபிபில்லம்’ என்று பெயரிட்டனர். எண்ணம் பிழையானபோதும் பெயர் நிலைத்துவிட்டது. பெயர்கள் ஒட்டிக்கொள்வதற்கு உண்மை மாத்திரம் காரணமன்று என்பதற்கு இஃது முதற் சான்று. இன்னும் பல சான்றுகள் பின்னே வரும்.

இரவில் மலர்வது எதற்காக? இருளில் உலாவும் அந்துப்பூச்சிகளின் பொருட்டு. நீண்ட உறிஞ்சுகுழாயுடைய அப்பூச்சிகள் பூவின் நெடுங்குழாயின் அடியிலுள்ள தேனை நாடி வந்து மகரந்தத்தைச் சுமந்து செல்கின்றன. இருளில் நிறம் பயனில்லை; வெண்மையும் மணமுமே அழைப்பிதழ். நம் பவளமல்லிகையும் இரவில் வெண்மையும் மணமுங் கொண்டு மலர்வது இதே முறைபற்றியாகும். இம்மலர் பன்னிரண்டு ஆண்டுக்கொரு முறை, அல்லது ஆண்டுக்கொரு முறை மாத்திரமே பூக்கும் என்பதும் சரியன்று. செழிப்பாக வளரும் செடி ஓராண்டிற் பலமுறை பூப்பதுண்டு.

ஒரு நகரம் செய்த தொண்டு

இச்செடியின் தாயகம் தென் மெக்சிக்கோவும் குவாத்தமாலா முதலிய மத்திய அமெரிக்க நாடுகளுமாகும். அங்கு வாழ்ந்த மக்கள் இதனைக் காலங்காலமாக அறிந்திருப்பர். ஆயினும் உலகத்தின் நூல்களில் இது இடம்பெற்ற வரலாறு துயரமும் பெருமையும் கலந்ததொன்று.

1787 ஆம் ஆண்டில் ஸ்பெயின் அரசின் ஆணைப்படி மெக்சிக்கோவின் செடிகொடிகளை ஆராயும் குழுவொன்று புறப்பட்டது. அதன் தலைவர் மார்ட்டின் தே செஸ்ஸே. பின்னர் அதிற் சேர்ந்து முதன்மை பெற்றவர், மெக்சிக்கோவிலேயே பிறந்த ஹொசே மரியானோ மொசீனோ. எச்செவெரியா, செர்தா என்னும் ஓவியர் இருவர் உடன் சென்று, கண்ட செடிகளை வண்ணத்தில் வரைந்தனர். 1803 வரை நீடித்த இவ்வாராய்ச்சியின் பயனாக ஏறத்தாழ 2,000 ஓவியங்கள் சேர்ந்தன. ஆனால் ஸ்பெயினுக்குத் திரும்பியவர்களை வரவேற்றவை போரும் குழப்பமுமே. செஸ்ஸே 1808 இல் இறந்தார். நூல் அச்சேறவில்லை. பிரெஞ்சு ஆட்சியின்கீழ்ப் பணிபுரிந்த மொசீனோ, அவ்வாட்சி வீழ்ந்ததும் முதுமையில் ஓவியங்களோடு பிரான்சுக்கு ஓடிச் செல்ல நேர்ந்தது.

அங்கே மொன்பெலியே நகரில் அவர் சந்தித்தவர் தாவரவியலறிஞர் ஓகுஸ்தென் பிராம் தெ காந்தோல். ஓவியங்களின் அருமையை உணர்ந்த தெ காந்தோல், அவற்றை ஆராய்ந்து வெளியிடும் பொறுப்பை ஏற்றுத் தம் ஊராகிய ஜெனீவாவுக்குக் கொண்டுசென்றார். 1817 இல் மொசீனோவிடமிருந்து செய்தி வந்தது. தாயகந் திரும்ப அவருக்கு இசைவு கிடைத்துவிட்டது; ஓவியங்களைத் திருப்பித் தரவேண்டும். கொடுக்காமலிருப்பது அறமன்று, கொடுத்தால் மீண்டும் காண்பது உறுதியன்று. தெ காந்தோல் தம் ஊராரிடம் உதவி வேண்டினார். ஜெனீவாவின் பெண்களும் ஆண்களுமாக, நூற்றுக்கு மேற்பட்டோர், பெரும்பாலும் பொழுதுபோக்காகவே ஓவியம் பழகியவர்கள், முன்வந்தனர். ஏறத்தாழப் பத்தே நாளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட படங்களைப் பிரதிசெய்து முடித்தனர். மூல ஓவியங்கள் சொன்னபடி மொசீனோவிடம் திரும்பிச் சென்றன.

1820 இல் மொசீனோ பார்சிலோனா நகரிற் காலமானார். அத்துடன் ஓவியங்களும் மறைந்தன. எங்கே போயின என்று ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக ஆராய்ச்சியுலகம் அறியவில்லை. பார்சிலோனாவில் ஒரு குடும்பத்தாரிடம் அவை இருப்பது பின்னர்த் தெரியவந்து, 1981 இல் அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் நகரிலுள்ள ஹன்ட் தாவரவியல் ஆவண நிலையத்தை அடைந்தன. அந்த நீண்ட இடைக்காலமெல்லாம் மெக்சிக்கோவின் பல செடிகளுக்குச் சான்றாக நின்றவை ஜெனீவா மக்கள் பத்து நாளில் எழுதிய பிரதிகளே. அவர்களுக்கு எவரும் கூலி கொடுத்து ஏவவில்லை. காலம் குறுகியது, பொருள் அரியது என்பதை உணர்ந்து கூடினர், அவ்வளவே. இளைஞர் சங்கம் என்று பெயர் வைத்துக் கூடுகின்ற நாம் இதனைக் கருத்திற் கொள்ளல் தகும்.

1828 இல் வெளிவந்த தம் பெருநூலின் மூன்றாம் பாகத்திலே தெ காந்தோல் நம் முற்றத்து மலரை முதன்முதலாக விஞ்ஞான முறைப்படி பெயரிட்டு விவரித்தார். அடுத்த ஆண்டில் ஆங்கிலேயராகிய ஹாவேத் என்பவர் அதனை எபிபில்லம் என்னும் இனத்திற் சேர்த்தார். ‘எபிபில்லம் ஒக்சிபெற்றலம்’ என்பதே இன்றுவரை வழங்கும் பெயர். கூரிய இதழ்களையுடையது என்பது பின்சொல்லின் பொருள்.

ஐரோப்பியர் அணிவித்த உடை

இதற்கு முன்னரே இம்மலரின் உறவினமொன்று ஐரோப்பாவில் பெரும்புகழ் பெற்றிருந்தது. யமேக்கா, கியூபா, மெக்சிக்கோ ஆகிய நாடுகளில் மரங்களையும் பாறைகளையும் பற்றிப் படரும் அவ்வினத்துக்கு லின்னேயசு 1753 இல் பெயரிட்டார். பின்வந்தோர் அதனைக் கிரேக்கரின் நிலாத் தெய்வமாகிய செலீனியின் பெயரால் ‘செலெனிசீரியசு’ என்று அழைத்தனர். கண்ணாடி வீடுகளில் வளர்க்கப்பட்ட அது மலரும் இரவில் செல்வர்கள் விருந்தினரை அழைத்து விழித்திருப்பர்.

இலண்டனில் வைத்தியர் றொபேட் தோண்டன் என்பவர், ‘பூந்தேவியின் கோயில்’ என்று பொருள்படும் தலைப்பில் மிகப் பெரிய வண்ணப் படங்கொண்ட மலர்நூலொன்றை வெளியிட்டார். அதற்கெனச் செலவிட்ட பொருள் அவரை வறியவராக்கிற்று. அந்நூலில் 1800 ஆம் ஆண்டுத் தேதியோடு இம்மலரின் படம் இருக்கிறது. பூவை வரைந்தவர் றைனேகில். நிலவொளியை வரைந்தவர் பெதர். பூவுக்குப் பின்னே என்ன இருக்கிறது? மெக்சிக்கோவின் காடா? யமேக்காவின் மலையா? இல்லை. ஆங்கில நாட்டு மரங்களும், நிலவும், மணிக்கூட்டையுடைய ஒரு கோபுரமும். மணிக்கூடு நள்ளிரவைக் காட்டுகிறது. கண்ணாடி வீட்டுக்கு வெளியே ஒரு குளிர்காலத்தையும் கடக்கமாட்டாத மலரை ஆங்கிலேயர் தம் ஊர்க் கோபுரத்தின் அடியில் நிறுத்திக் கண்டனர்.

இதனைப் பொய் என்று தள்ளலாமா? வந்த விருந்தாளிக்குத் தம் வீட்டு உடையை அணிவித்துப் பார்க்கும் ஆசை அது. அந்த ஆசை ஆங்கிலேயருக்கு மாத்திரம் உரியதன்று.

இன்னோர் உறவினம் உழைப்பாளியாகவே உலகெங்குஞ் சென்றது. நம் சந்தைகளில் டிராகன் பழம் என்று விற்கப்படுவது, மரத்தைப் பற்றி ஏறி நள்ளிரவில் மலரும் அமெரிக்கக் கள்ளியொன்றின் கனியே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர் அதனை வியற்நாமுக்குக் கொண்டுவந்தனர் என்பர். ஹவாய்த் தீவின் தலைநகராகிய ஹொனலூலுவில் புனஹோ என்னும் பாடசாலையின் கற்சுவர்மீது அதே இனத்தின் நெடுவேலி படர்ந்திருக்கிறது. 1836 இல் சிபில் பிங்கம் என்னும் பாதிரியாரின் மனைவியார் நட்டது அது.

கிழக்கு நாடுகள் சூட்டிய பெயர்கள்

இனி நம் திசைக்கு வருவோம். எபிபில்லம் ஆசியாவின் ஒவ்வொரு நாட்டையும் எந்நாளில் எவர் கையால் அடைந்தது என்பதைவிட, அடைந்தபின் என்ன பெயர் பெற்றது என்பதே வியப்புக்குரியது.

சீனர் இதனைத் ‘தான்ஹுவா’ என்பர். அச்சொல்லின் வேர் வடமொழியின் ‘உதும்பர’ என்பதாகும். உதும்பரம் என்பது நம் அத்தி. அத்தியின் பூ காயின் உள்ளே மறைந்திருப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. எனவே காண்டற்கரிய ஒன்று நேர்ந்தால் ‘அத்தி பூத்தாற்போல’ என்று தமிழர் சொல்வர். புத்தரின் உபதேசம் உலகிற் கிடைப்பது உதும்பர மலரைக் காண்பதுபோல் அரிது என்று பௌத்த நூல்களும் கூறின. அவற்றுள் ஒன்றாகிய சத்தர்ம புண்டரீகத்தைக் குமாரஜீவர் 406 ஆம் ஆண்டிற் சீனமொழியிற் பெயர்த்தார். உதும்பர மலரின் புகழ் சீனரிடையே நெடுங்காலம் வழங்கிற்று. ஆனால் மலரைக் கண்டவர் எவருமில்லை. பல நூற்றாண்டுகள் கழிந்து, ஓரிரவிலே தோன்றி மறையும் வெண்மலர் கடல் கடந்து வந்தபோது, காத்திருந்த பெயரை அதற்குச் சூட்டினர். ஆக, சீனர் இக்கள்ளியை அத்திப்பூவென்றே அழைக்கின்றனர். ‘தான்ஹுவா ஒருமுறை தோன்றியதுபோல’ என்பது கணநேரப் புகழைக் குறிக்கும் அவர்களது வழக்கு.

யப்பானியர் ‘நிலவின்கீழ் அழகி’ என்ற பொருளில் ‘கெக்கா பிஜின்’ என்பர்.

இந்தோனேசியாவில் இதன் பெயர் ‘விஜய குசுமம்’. யாவா நாட்டு நிழற்கூத்திலே கண்ணபிரான் கையில் இறந்தோரை எழுப்பவல்ல விஜயகுசும மலர் உண்டு. அக்கதை மலரின் பெயரே இக்கள்ளிக்கு வந்தது.

மலாய் மக்கள் ‘பக்காவலி’ என்பர். குலேபகாவலி என்றால் நம் முதியோர்க்கு 1955 இல் வெளிவந்த எம். ஜி. இராமச்சந்திரனின் திரைப்படம் நினைவுக்கு வரும். அதன் மூலக்கதை பழையது. அரசனின் பார்வையை மீட்கும் அற்புத மலரைத் தேடிச் செல்லும் இளவரசனின் கதை அது. 1722 இல் பாரசீகத்தில் எழுதப்பட்டு, 1803 இல் கல்கத்தாவில் உருதுவிலும் ஆக்கப்பட்டது. பின்பு தென்னாட்டிலும் மலாய் நாட்டிலும் பரவிற்று. கதையிற் கேட்ட மலரை மலாயர் இக்கள்ளியிற் கண்டனர்.

மலையாளிகள் இரவில் மணப்பது என்ற பொருளில் ‘நிசாகந்தி’ என்பர். இப்பெயர் ஒன்றே கதையெதனையுஞ் சாராது, செடியின் இயல்பை மாத்திரம் கூறுவது. பூவின் உட்புறத்திலே கேசரங்களின் படுக்கையையும், அதன்மேல் நீண்டு நின்று நுனியில் விரியும் தம்பத்தையும் கண்டு, பாம்பணையில் திருமால் பள்ளிகொண்ட கோலமென்று கருதி ‘அனந்தசயனப் பூ’ என்போரும் உளர்.

நம் நாட்டுச் சிங்கள மக்கள் ‘கடுபுல்’ என்பர். அவர்கள் மரபிலே கடுபுல் ஒரு தேவலோக மலர். அது மலரும்போது நாகர்கள் இறங்கிவந்து, நாம் சிவனொளிபாதமலை எனப் போற்றும் மலையிலே புத்தபிரானுக்கு அதனைக் காணிக்கையாக்குவர் என்பது அவர்களுடைய நம்பிக்கை.

இப்பொழுது இவற்றையெல்லாம் ஒருசேர நோக்குங்கள். உதும்பரமும், விஜயகுசுமமும், பகாவலியும், கடுபுல்லும் வெவ்வேறு கதைகளின் மலர்கள். ஆனால் இவற்றுக்குப் பொதுவான தன்மை ஒன்றுண்டு. ஒவ்வொன்றும் காண்டற்கரியது, தெய்வத்தோடு உறவுடையது, கதையில் இருந்தது, தோட்டத்தில் இல்லாதது. ஒவ்வொரு சமுதாயமும் அத்தகைய மலருக்கென ஓர் ஆசனத்தை வெறுமையாக வைத்திருந்தது. கடல் கடந்து வந்த இக்கள்ளி அவ்வாசனங்கள் யாவற்றிலும் அமர்ந்துகொண்டது. பெயரின் பழைமையைக் கண்டு செடியும் பழையதென மக்கள் நம்பியதில் வியப்பில்லை.

பிரம்மகமலம் எது?

பிரம்மகமலம் என்ற பெயருக்குரிய மலர் ஒன்று இமயமலையில் உண்மையாகவே இருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து 12,000 அடிக்கு மேல், பனிமலைச் சாரலில், ஆடி ஆவணி மாதங்களை ஒட்டிய மழைக்காலத்தில் மலர்வது. வெளிர்மஞ்சட் பச்சையான மென்றோல் மடல்கள் சூழ, உள்ளே கருஞ்சிவப்பான சிறுபூக்கள் திரண்டிருக்கும். கேதாரநாதத்திலும் பதரிநாதத்திலும் பூசைக்குரியதாக விளங்குகிறது. 2000 ஆம் ஆண்டிற் பிறந்த உத்தரகாண்ட மாநிலம் அதனைத் தன் மாநில மலராகக் கொண்டுள்ளது. அது சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது; கள்ளியன்று. இதிலும் ஒரு விந்தை. அவ்விமயமலரை ஐரோப்பிய விஞ்ஞானத்துக்கு அறிமுகப்படுத்தியோருள் அதே தெ காந்தோலும் ஒருவர். ஜெனீவாவிலே ஒரே மேசையின்மீது வெவ்வேறு மலர்களாய் விவரிக்கப்பட்ட இரண்டும், நம் நாட்டு வாய்மொழியில் ஒரே பெயரைப் பெற்றுவிட்டன.

இமயமலர் தாழ்நிலத்தின் வெப்பத்தில் வாழாது. ஆகவே கேதாரம் செல்லவியலாத கோடிக்கணக்கானோருக்கு அதன் பெயர் தெரியும், உருவந் தெரியாது. அவ்வாசனத்திலும் கள்ளி அமர்ந்தது.

இச்செடி புராண காலத்தில் நம் நாடுகளில் இருந்திருக்கக்கூடுமா? இருந்திருக்க இயலாது. கொலம்பசு அமெரிக்கக் கரையை அடைந்தது 1492 இல். அதற்குப் பின்னரே அந்நிலத்துச் செடிகள் மனிதர் கைவழியே இப்புறம் வந்தன. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களை அடுக்கிக் கூறுகிறார். இரவில் மலர்வனவும், மணம் மிக்கனவும் அவற்றுட் பல. இக்கள்ளி அவற்றுள் இல்லை.

அங்ஙனமாயின் இம்மலர்முன் விளக்கேற்றுவது பிழையா என்று கேட்கலாம். பிழையன்று. கோயில் வீதிகளில் நிற்கும் வெண்பூ மரமொன்றைத் தமிழ்நாட்டார் ‘ஈழத்தலரி’ என்று அழைப்பர். ஈழத்திலிருந்து வந்ததென்று அவர்கள் கருதினர் போலும். அதுவும் மெக்சிக்கோவையும் அதன் அயல் நாடுகளையும் தாயகமாகக் கொண்டதே. மாலைக்கட்டிகள் கோக்கும் மஞ்சட் செண்டுப்பூவும் அங்கிருந்து வந்தது. நம் கறித்தூளின் மிளகாயும் அப்படியே. இவை நம்முடையன ஆனது பழைமையினாலன்று. நாம் நட்டு, நீரூற்றி, பயன்கொண்டு, அன்புவைத்ததினாலேயாம். அன்புக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டியதில்லை. ஆனால் இல்லாத சான்றிதழை எழுதிக்கொடுப்பதும் வேண்டியதில்லை. பக்திக்குத் துணையாகப் பொய்யான தொன்மையைச் சேர்ப்போமாயின், அப்பொய் வெளிப்படும் நாளில் இளைஞர் பக்தியையும் சேர்த்தே உதறிவிடுவர். முதியோர் அஞ்ச வேண்டியது விஞ்ஞானத்தையன்று, இதனையே.

தானே வந்த விருந்தாளி

முன்னர்க் கூறிய அந்த ஒரே விலக்கைப் பற்றிச் சொல்லி முடிப்போம். அமெரிக்காவுக்கு வெளியே இயற்கையாக வளர்வதாக அறியப்பட்ட கள்ளிக் குடும்பத்தினம் ஒன்றே ஒன்றுதான். ‘ரிப்சாலிசு’ என்பது அதன் பெயர். அதுவும் மேலொட்டியே. தென் அமெரிக்காவிலும் மத்திய அமெரிக்காவிலும் வளரும் அது, கடலுக்கு இப்புறம் வெப்பவலய ஆபிரிக்காவிலும், மடகஸ்காரிலும், நம் இலங்கையிலும் வளர்கிறது. பேராதனைப் பூங்காவின் பணிப்பாளராயிருந்த ஹென்றி திரைமன் 1893 இலிருந்து வெளியிட்ட இலங்கைத் தாவரநூலில் அது இடம்பெற்றுள்ளது. இந்தியப் பெருநிலத்திற் காணப்படாத அக்கள்ளி நம் தீவின் ஈரலிப்பான காடுகளில் மரங்களிலும் பாறைகளிலும் மெல்லிய பச்சைக் கயிறுகள்போல் தொங்குகிறது.

எவ்வாறு வந்தது? அதன் சிறு வெண்கனிகள் புல்லுருவியின் கனிகளை ஒத்தவை. உள்ளே பசையுள்ள விதைகள். பறவைகள் அவற்றைக் கொண்டு கடல் கடந்திருக்கலாம் என்பர் ஒரு சாரார். கப்பலோட்டிகளோடு வந்திருக்கலாம் என்பர் மற்றொரு சாரார். அறிஞரிடையே இன்னும் முடிவு பிறக்கவில்லை. பறவைவழி வந்ததென்பது நிறுவப்படுமாயின், மனிதர் எவரும் அழைக்காமல், தானே நம் தீவை நாடிவந்த கள்ளி அஃதொன்றே ஆகும்.

அதற்கு எவரும் கர்ப்பூரங் காட்டுவதில்லை. அதன் பூ சிறியது, மணத்தாற் புகழ்பெற்றதன்று, புராணப் பெயரும் இல்லை. நேற்று வந்த அழகிய மலருக்கு நாம் இல்லாத தொன்மையைச் சூட்டினோம். ஒருவேளை நமக்கு முன்னரே இங்கு குடியேறியிருக்கக்கூடிய எளிய செடியை ஏறெடுத்தும் பார்த்திலோம். பெருமையெனக் கருதியதைத் தேடி ஓடி, உள்ளதைக் காணத் தவறுவது செடிகளின் விடயத்தில் மாத்திரம் நிகழ்வதன்று.

இளைஞர் செய்யத்தக்கது

நம் வீடுகளில் எபிபில்லம் பெரும்பாலும் காய்ப்பதில்லை. தண்டை வெட்டி நட்டே அதனைப் பெருக்குகின்றோம். ஆகவே ஒவ்வொரு வீட்டுச் செடியும் எவரோ ஒருவர் அன்போடு முறித்துக் கொடுத்த துண்டிலிருந்து பிறந்தது. அத்தையிடமிருந்து, அயலவரிடமிருந்து, மாற்றலாகிச் சென்ற ஆசிரியரிடமிருந்து என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி உண்டு. அவ்வழியைப் பின்னோக்கிச் சென்றால் கடல் கடந்து மெக்சிக்கோவின் ஒரு மரக்கிளையில் முடியும்.

நம் சங்கத்து இளைஞர் இவ்வாண்டில் ஒரு சிறு தொண்டு செய்வாராக. தம் வீட்டிலும் அயலிலும் உள்ள முதியோரிடம் சென்று, இச்செடியை அவர்கள் என்ன பெயரால் அழைத்தனர், எவரிடமிருந்து பெற்றனர், அதனைப் பற்றி என்ன கதை கேட்டனர் என்று வினவி எழுதிக்கொள்க. மலரும் இரவின் தேதியையும் குறித்து வைக்க. முதியோர் கூறும் கதையைத் திருத்த முயலவேண்டாம். கதை கதையாகவே எழுதப்படட்டும். அதன் பக்கத்தில் செடியின் வரலாறும் எழுதப்படட்டும். முதியோரும் செடியின் உண்மை வரலாற்றைக் கேட்டறிந்து, பேரப்பிள்ளைகளுக்கு இரண்டையும் சொல்வாராக.

ஜெனீவா மக்களுக்குக் கிடைத்தவை பத்து நாட்கள். நம் முதியோர் நினைவில் உள்ளவற்றை எழுதிக்கொள்வதற்கு நமக்கு எத்தனை நாட்கள் உள்ளன என்பதை எவரும் சொல்லவியலாது. ஆகையால் இன்றே தொடங்குவோமாக.